கவர் மாற்றுவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்



எங்களுடைய பழைய பல்சர் 220இன் படத்தைப் போன மாதம் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். "சேர், முன் கவர் எங்க எடுத்த?" "செட் என்ன விலை?" "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" இன்பொக்ஸில் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். கடையும் விலையும் மட்டும் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். நாங்கள் சொல்ல வந்தது வேறு. ஊரில் சிலருக்கு அது கசக்கவும் கூடும்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் இருவர், ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். ஒருவருக்கு விஞ்ஞானம், மற்றவருக்கு இஸ்லாம். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் தினமும் போய்வருகிறோம், ஒரு பக்கம் மட்டும் நாற்பது கிலோமீற்றருக்கு மேல். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. பெற்றோலும் பாதி, டயரும் பாதி, வீட்டில் வாங்கும் ஏச்சும் பாதி. எழுதுகிறது ஒரு கை என்றாலும் நடந்தது இரண்டு பேருக்கும். அதனால்தான் "நாங்கள்".

தூர ஓட்டத்துக்கு அந்த பைக்கை நாங்கள் விரும்பியதே முன் கவருக்காகத்தான். கொம்பனிக்காரர்கள் அதை ஃபெயரிங் என்பார்கள், நாம் கவர் என்போம். பெயர்தான் எங்களை ஏமாற்றுகிறது என்று இப்போது நினைக்கிறோம். கவர் என்றதும் போனுக்குப் போடும் உறை, சீட்டுக்குப் போடும் உறை மாதிரி அழகுக்கு ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். அது அப்படியில்லை.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். இதை வகுப்பில் எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறோம். மணிக்கு 50இல் போகிறவர் 70க்குப் போனால் நெஞ்சில் அடிக்கும் காற்று கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். கோமாரிப் பக்கம் கடல் காற்றும் சேர்ந்துகொண்டால் வீடு வந்து சேரும்போது தோளும் கழுத்தும் மரத்துப்போய்விடும். அந்தக் காற்றைப் பிரித்து விடுவதுதான் முன் கவரினதும் கண்ணாடியினதும் வேலை. களைப்புக் குறைந்தால் கவனம் கூடும். பல்சர் 220இல் இன்னொன்றும் உண்டு. சாதாரண பைக்கில் ஹெட்லைட் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். இதில் அது திரும்பாது. மேலும் கீழுமாக உள்ள இரண்டு லைட்டும், பக்கக் கண்ணாடிகளும், கவரும் சேசியிலிருந்து வரும் ஒரு கம்பிக் கூட்டிலேயே நிற்கின்றன. ஆகவே கவரில் கை வைத்தால் லைட்டிலும் கை வைத்ததாகத்தான் அர்த்தம். அந்த நேரம் இது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் பாடசாலை வாசலில் நிறுத்தியிருந்த பைக்கைப் பின்னுக்கு எடுத்த லொறி ஒன்று தட்டி விழுத்திவிட்டது. இடது பக்கக் கவர் பிளந்தது. ஆணி பூட்டும் காதுகள் இரண்டு உடைந்தன. கண்ணாடியும் போனது. லொறிக்காரர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார், கையிலிருந்ததைத் தந்தார். நாங்களும் அதோடு விட்டோம்.

ஒரிஜினல் கவர் விசாரித்தோம். பழைய மொடல், ஓர்டர் போட வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, விலையோ எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் கெடும் விலை. பஞ்சிகாவத்தையில் கேட்டால் வெளிக் கொம்பனி செட் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை எடுத்தோம். இதில் எங்களுக்கு வெட்கம் எதுவுமில்லை. உங்களுக்கும் இருக்கத் தேவையில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடங்கள் இந்த நாடு பழைய வாகனங்களைத் தட்டிக்கொட்டித்தான் ஓடியது. கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. பதினைந்து வருடம் ஓடிய பைக்கை இன்னும் பத்து வருடம் ஓட்டுவது கஞ்சத்தனம் அல்ல. வீண்விரயம் செய்யாமல் இருப்பது மார்க்கமும் சொன்னதுதான். "ஒரிஜினல் இல்லையென்றால் பூட்டாதே" என்று பெரிய குரலில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் பணத்தில் பேசுகிறார்கள். ஒரிஜினலைக் கோணலாகப் பூட்டினாலும் ஆபத்து அதேதான்.

எங்கள் பிழை சாமானில் இல்லை. பூட்டிய விதத்தில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வெளியூர்க் கராஜ் ஒன்றில் கொடுத்தோம். "ஜும்ஆவுக்கு முன்னம் முடிச்சித் தாங்க" என்று நாங்களேதான் நெருக்கினோம். கூலியிலும் ஐந்நூறு குறைக்கச் சொன்னோம், அதையும் மறைக்க விரும்பவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ட்ரில் சத்தம் கேட்டது. ஓட்டை பொருந்தவில்லை போல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பதினொன்றரைக்குப் பைக் வெளியே வந்தது. பெயின்ட் கண்ணைப் பறித்தது. பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ், புதுசு மாதிரி" என்றார்கள். அந்த வாரம் முழுவதும் நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தோம்.

இரவில் எதிரே வருகிற வாகனங்கள் அடிக்கடி எங்களுக்கு லைட் அடித்துக் காட்டத் தொடங்கின. பைக்கைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள் என்று சிரித்தோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் சிரித்ததுதான் பெரிய வெட்கம்.

மொனராகலைப் பக்கம் ஒரு வேலையாகப் போய்த் திரும்பிய நாள் அது. சியம்பலாண்டுவ தாண்டும்போதே மஃரிப். லாகுகல காட்டு ரோட்டில் யானைக்குப் பயந்து மெதுவாக வந்தோம். மரக்கிளைகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. "லைட் நல்லா அடிக்குது" என்று பின்னால் இருந்தவர் சொன்னார். ரோட்டில் அல்லாமல் மரத்தில் ஏன் அடிக்கிறது என்று அப்போதும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. யானை ஒன்றும் வரவில்லை. பொத்துவிலில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டோம். இனி நம்மூர் ரோடுதானே என்று வேகம் கூடியது.

கோமாரி தாண்டி ஓரிடத்தில் தார் ரோட்டின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருந்தன. கரையோர ரோட்டில் இரவில் வருகிறவர்களுக்கு இது தெரிந்த விசயம். வெள்ளை மாடு ஒன்று முதலில் மங்கலாகத் தெரிந்தது. பிரேக் பிடித்தோம். அதற்கு முன்னால், எங்களுக்கு இன்னும் கிட்ட, ஒரு கறுத்த மாடு படுத்திருந்தது. அது தெரியும்போது இடைவெளி சில மீற்றர்கள்தான். பைக் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நடக்கிற வேகத்தில் வலது பக்கம் ஒடித்து விலக்கப் பார்த்தோம். ஹேண்டில் பாதியில் நின்றுவிட்டது. இடது கிளட்ச் பிடி புதுக் கவரின் உள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. திரும்ப முடியாத பைக் வலது பக்கம் சாய்ந்தது. மாடு எழுந்து தன் பாட்டில் போனது.

பின்னால் இருந்தவரின் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாக்கட்டு. இஸ்லாம் பாடத்துக்குக் கரும்பலகையில் இடது கையால் எழுதினார். பிள்ளைகள் வாசிக்க முடியாமல் சிரித்தார்கள். பின்னால் ஒரு லொறியோ பஸ்ஸோ வந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் சிரித்திருக்க மாட்டார்கள்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமான பகுதி.

எங்களுக்கு முதலில் வந்த யோசனை திருத்துவது அல்ல, விற்பது. உராய்ந்த வலது பக்கத்தைப் பொலிஷ் செய்தோம். நல்ல வெயிலில் படம் எடுத்துப் போட்டோம். மூன்றாம் நாள் எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர் வந்தார். ஹார்ட்வெயார் கடையில் வேலை. உம்மாவின் சீட்டுக் காசு கையில் இருந்தது. பைக்கைச் சுற்றி வந்தார். கவரைத் தடவிப் பார்த்தார்.

"சேர் பாவிச்ச பைக்தானே, நான் ஒண்டும் செக் பண்ணத் தேவல்ல" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் லைட் மேலே அடிக்கிறது தெரியும். ஹேண்டில் முட்டுவது தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் பேசுவார் என்று மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மாக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "மகன், இது எப்படி நடந்தது தெரியுமா?" என்று தொடங்கினோம். எல்லாவற்றையும் சொன்னோம். பிள்ளை மரியாதைக்குக் கேட்டுவிட்டு, "யோசிச்சிட்டு வாறன் சேர்" என்று போனார். திரும்ப வரவில்லை. அவரில் குறையில்லை. அந்தக் கொஞ்ச நேர மௌனத்தை இன்றுவரை எங்களால் மறக்க முடியவில்லை. அவர் எங்களைச் சோதித்துப் பார்க்காததற்குக் காரணம் நாங்கள் அவருடைய ஆசிரியர்கள் என்பதுதான். அந்த நம்பிக்கையையும் சேர்த்து விற்கப் பார்த்தோம்.

பிறகுதான் பைக்கை நம்மூரிலுள்ள வயதான கராஜ் காக்கா ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனோம். அவர் கவரைப் பார்க்கவே இல்லை. "ஆரு பூட்டின எண்டு கேக்க மாட்டன். கழட்டுவம்" என்றார். இரண்டு சனிக்கிழமைகள் ஆனது. இந்த முறை பக்கத்தில் நின்று பார்த்தோம்.

கழற்றியபோது தெரிந்தவை இவை. லொறி தட்டியதில் உள்ளே இருக்கும் கம்பிக் கூடு கொஞ்சம் வளைந்திருந்தது. வளைந்த கூட்டில் புதுக் கவரின் ஓட்டைகள் பொருந்தவில்லை. பொருத்துவதற்காகக் கவரில் புது ஓட்டைகள் போட்டிருந்தார்கள். லைட்டின் கீழ்ப் பிடிக்குப் பின்னால் மூன்று வாசர்கள் வைத்து முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். ஆணிக்குள் இருக்க வேண்டிய இரும்பு புஷ்கள் நாலு இல்லை. வயர்க் கட்டு ஒன்று கவருக்கும் கம்பிக்கும் இடையில் நசிந்து, மேல் தோல் உரிந்து கிடந்தது. அத்தனைக்கும் மேலே அந்த அழகான பெயின்ட்.

மூன்று வாசரும் சேர்ந்து 3 மில்லிமீற்றர். அதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். கணக்குப் பார்ப்போம்.

லைட்டின் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் இடையில் சுமார் 15 சென்ரிமீற்றர். கீழ்ப் பக்கம் 3 மில்லிமீற்றர் முன்னுக்கு வந்தால் லைட் 100க்கு 2 என்ற கணக்கில் மேலே சாயும். அதாவது ஒரு பாகைக்குச் சற்று அதிகம். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. சரியாக வைத்த லைட் பத்து மீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றர் கீழே இறங்க வேண்டும். லைட் நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு 90 மீற்றர் தூரத்தில் ரோட்டில் விழும். எங்களுடையது இறங்குவதற்குப் பதிலாகப் பத்து மீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றர் ஏறிக்கொண்டிருந்தது. 50 மீற்றர் தூரத்தில் அந்த விளிம்பு ஓர் ஆளின் நெஞ்சு உயரத்துக்குப் போய்விடும். பிரகாசமான பகுதி எதிரே வருகிறவர் கண்ணிலும் மரத்திலும் அடித்தது. ரோட்டில் விழுந்தது மிச்ச வெளிச்சம்தான். படுத்திருந்த கறுத்த மாடு அதற்குள்தான் கிடந்தது. மணிக்கு 60இல் போகிற பைக் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடும். மூன்று சின்ன வாசர்கள் எங்களிடமிருந்து எத்தனை செக்கன்களைப் பறித்தன என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

காக்கா செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். பழைய பைக்குக்கு வெளிக் கவர் பூட்டப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கம்பிக் கூடு. இரண்டு பக்கமும் அளவு நாடாவால் அளந்து பார்க்க வேண்டும். அது வளைந்திருந்தால் அதை நிமிர்த்தாமல் எந்தக் கவரும் பொருந்தாது. "கம்பி கோணலா இரிக்கக்குள்ள கவர வெட்டுற வேல நம்மட வேலயில்ல சேர்" என்றார் காக்கா.

2. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒரு முறை முழுவதும் பூட்டிப் பார்க்க வேண்டும். வெளிச் செட்டில் ஒன்றிரண்டு ஓட்டைகள் சற்று விலகியிருக்கும், அது சகஜம். எல்லா ஆணிகளையும் கையால் தளர்வாகப் போட்டு, எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை இறுக்கி முடித்துவிட்டு மறுபக்கத்தை இழுத்துப் பிடித்தால், ஓடும்போது அந்த இழுவையிலேயே காது வெடிக்கும். மெல்லிய அரத்தால் ஓட்டையைக் கொஞ்சம் நீட்டுவது வேறு, புது ஓட்டை போடுவது வேறு.

3. ரப்பரையும் இரும்பு புஷ்ஷையும் பழைய கவரிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். பல வெளிச் செட்டுகளில் அவை வருவதில்லை. ஆணியின் இறுக்கத்தைத் தாங்குவது புஷ், அதிர்வைத் தாங்குவது ரப்பர். இரண்டும் இல்லாவிட்டால் பிளாஸ்டிக்தான் தாங்கும், அதாவது தாங்காது. கடையில் ஒரு புஷ் சில்லறைக் காசு.

4. ஹேண்டிலை ஒரு பக்கத்துக் கடைசியிலிருந்து மறுபக்கத்துக் கடைசிவரை திருப்புங்கள். பிடி, பிரேக் ஹோஸ், கேபிள் எதுவும் கவரில் படக்கூடாது. என்ஜினை ஓடவிட்டும் அதையே செய்யுங்கள். திருப்பும்போது என்ஜின் சத்தம் தானாகக் கூடினால் அக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கி, முன் சில்லும் மட்காட்டும் மேலே வரும்போது எங்காவது தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

5. வயர்கள் எங்கும் நசியக்கூடாது. கவர் பூட்டிய பிறகு சிக்னல், ஹோர்ன், லைட் எல்லாவற்றையும் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிச் சோதியுங்கள்.

6. இரவில் சமதரையில் ஒரு சுவருக்கு முன்னால் பத்து மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். லைட்டின் உயரத்தைச் சுவரில் சோக்கட்டியால் குறியுங்கள். டிம் லைட்டின் மேல் விளிம்பு அந்தக் குறிக்குப் பத்து சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். இரண்டு பேர் போகிற பைக் என்றால் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பின்னால் பாரம் ஏறினால் முன் லைட் மேலே தூக்கும்.

7. கண்ணாடியைப் பெற்றோல், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். மங்கிப்போகும், நுண்ணிய வெடிப்பும் விழும். சவர்க்காரத் தண்ணீர் போதும். கறுத்த கண்ணாடி பகலில் அழகுதான். குனிந்து அதனூடாகப் பார்த்து ஓட்டுகிறவருக்கு இரவில் அது இன்னொரு திரை.

ஸ்போர்ட்ஸ் பைக் மாதிரி தெரிய வேண்டுமென்று கீழே வயிறு வரைக்கும் மூடுகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பல்சர் 220இன் என்ஜின் காற்றில் ஆறுகிற என்ஜின். ஒயிலை ஆற்றுவதற்கும் முன்னால் ஒரு கூலர் இருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் அதன் முகத்தை மூடுவது நோன்பாளியை நடு வெயிலில் போர்வை போர்த்தி நிறுத்துவது போன்றது. நிறத்தை மாற்றுகிறவர்கள் பதிவுப் புத்தகத்தில் என்ன நிறம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாங்கள் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறோம். இதைச் சொல்லும் உரிமை எங்களில் இஸ்லாம் படிப்பிக்கிறவருக்கே அதிகம். அவருடைய கைதானே முறிந்தது.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது விரலில் ஈரம் பட்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. குத்பாவில் கேட்டிருக்கிறோம், வகுப்பில் படிப்பித்திருக்கிறோம், பரீட்சையில் கேள்வியும் போட்டிருக்கிறோம். அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை. மழைதான் நனைத்தது. நனைந்த தானியத்தை விற்கக்கூடாது என்றும் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஈரத்தை ஏன் மக்கள் பார்க்கிற மாதிரி மேலே வைக்கவில்லை என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. இந்த இடத்தை இத்தனை வருடமாக நாங்கள் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறோம்.

எங்கள் கம்பியை வளைத்ததும் நாங்கள் இல்லை. அது லொறி. வளைந்ததைக் கவரால் மூடி, அதற்கு மேல் பெயின்ட் அடித்து, வெயிலில் படம் எடுத்துப் போட்டதுதான் நாங்கள்.

பொருளில் மறைந்த குறை பின்னால் தெரியவந்தால் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது நமது பிக்ஹில் உள்ள சட்டம். ஆனால் நமதூர் பைக் வியாபாரத்தில் என்ன சொல்கிறோம்? "பாத்து எடுத்தா, பிறகு கத வரக்கூடாது." இந்த ஒரு வசனத்தோடு எல்லாப் பொறுப்பும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். கவருக்குள்ளே இருப்பதை எப்படிப் பார்த்து எடுப்பது? ஒரு உம்மாவின் சீட்டுக் காசோடு வருகிற பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கராஜ்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுடைய பக்கமும் உண்டு. ஒரு கவரை ஒழுங்காகப் பூட்ட ஒரு நாள் வேண்டும். நாங்கள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். நேர்மையாக "சேர், கம்பி வளஞ்சிருக்கு, நாளைக்கு வாங்க, கூலி கூடும்" என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று அடுத்த கராஜுக்குப் போகிறோம். உண்மை சொல்கிறவரிடமிருந்து ஓடி, வாசர் வைக்கிறவரிடம் போய்ச் சேருகிறோம். அப்படியென்றால் அந்த மூன்று வாசர்களில் ஒன்றையாவது நாங்களே வைத்திருக்கிறோம்.

அதனால் இவ்வளவுதான் கேட்கிறோம்.

சாமான் விற்கிற சகோதரர்களே, டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்றே சொல்லி விற்றுவிடுங்கள். வாங்குகிறவர்கள் வாங்கத்தான் போகிறார்கள். புஷ்ஷும் ரப்பரும் செட்டில் இல்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பாஸ்மாரே, பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

பைக் விற்கிறவர்களே, கவர் மாற்றியது, விழுந்தது, கம்பி நிமிர்த்தியது, எல்லாவற்றையும் விலை பேசுவதற்கு முன்னால் சொல்லுங்கள். விலை குறையும். எங்களுக்கும் குறைந்திருக்கும். குறையட்டும்.

பெற்றோரே, லீவு வருகிறது. எல்ல, நுவரெலியா என்று பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்புவார்கள். அதிவேக வீதியில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. எந்தப் பக்கம் போனாலும் காடும் வளைவும் மாடும் உள்ள ரோட்டில்தான் போக வேண்டும். போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கிற வயது அது. போவதற்கு முதல் நாள் இரவு வீட்டுச் சுவருக்கு முன்னால் பைக்கை நிறுத்தி, ஒரு சோக்கட்டியோடு பத்து நிமிடம் பிள்ளையோடு நில்லுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். பைக்கைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. முட்டுகிறதா, இல்லையா, வெளிச்சம் கோட்டுக்கு மேலா, கீழா, இவ்வளவுதான்.

எங்கள் பைக் இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறது. கவர் அதே வெளிச் செட்தான். காக்கா பிழையான ஓட்டைகளை உள்பக்கமாக ஒட்டி அடைத்து, சரியான இடத்தில் பூட்டித் தந்தார். அடைத்த இடத்தில் பெயின்ட் நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியும். மறுபடி முழுவதும் அடிக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டோம். படத்தில் இடது பக்கம் பாருங்கள், அந்தத் தழும்பு தெரியும். எப்போதாவது விற்றால் அதைக் காட்டித்தான் விற்போம், இன்ஷா அல்லாஹ்.

நாங்கள் விற்கப் பார்த்த அந்தப் பிள்ளை வேறொரு பைக் வாங்கியிருக்கிறார். போன வாரம் பாடசாலைக்கு வந்தார். "சேர், இதையும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தோம், முட்டவில்லை. கவரை அசைத்துப் பார்த்தால் வலது பக்கம் ஆடியது. இரண்டு புஷ்கள் இல்லை. பைக்கைக் காக்காவிடம் அனுப்பினோம். கூலியில் குறைக்கச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினோம்.

அல்லாஹ் நம் எல்லோரையும் பாதையின் ஆபத்துகளிலிருந்தும், தெரிந்துகொண்டே மௌனமாக இருக்கும் நேரங்களிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.

உங்கள் வீட்டில் பைக் ஓடுகிற பிள்ளை இருந்தால் இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள். நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் கராஜ் வேலை தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள். நாங்கள் படிப்பிக்கிறவர்கள்தான், பாஸ்மார் இல்லை.